உப்பு நம்பரும் செம்மண்ணும்

பி.எஸ்சி. வேதியியல் லேபில் உப்பைக் கண்டுபிடிக்கும் வரிசைமுறைக்கு அடிப்படை போட்டவர் பேராசிரியர் இல்லை, ஒரு மாணவர். ஜெர்மனியின் பான் நகரில் படித்த ஃப்ரெசீனியஸ், தான் கற்பதற்காக எழுதிவைத்தது அது. 1841-ல் புத்தகமானபோது அவருக்கு 22 வயது. பிறகு கீசனில் லீபிக்கின் உதவியாளரானார்.

தேடலாகப் பிறந்தது நம்மிடம் சடங்காகிவிட்டது. நான் பிளஸ் டூ படித்தபோதே பாட்டில் நம்பரை வைத்து உப்பைச் சொல்லிவிடுவோம். ரெக்கார்டு நோட்டில் விடையிலிருந்து பின்னோக்கி எழுதுவோம். மார்க் வந்தது, வேதியியல் வரலை.

தப்பு வரிசைமுறையில் இல்லை. விடை முன்பே தெரிந்ததில்தான். கல்லூரி மாணவரிடம் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணைக் கொடுத்து, ‘இது ஏன் சிவப்பு?’ என்று கேட்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, வடிகட்டி, அம்மோனியா விட்டால் செம்பழுப்பு வீழ்படிவு. இரும்பு! சரி, எவ்வளவு இரும்பு? அதை சீனியரிடம் கேட்டு எழுத முடியாது.