மலைப்பாதையும் மோட்டார்ச் சாவியும்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலே, மஸ்கெலியாவையும் கடந்து, மோட்டார்ப் பாதை முடிவடையும் இடத்தில் இருக்கிறது நல்லதண்ணி. வெள்ளைக்காரத் துரைமார் அதனை டல்ஹவுஸி என்று வழங்கினர். தோட்டத்து மக்களின் நாவில் நிலைத்ததோ நல்லதண்ணி என்ற பெயரே. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை, ஆறு மாத காலம், யாத்திரிகர் இங்கே வந்து குவிகின்றனர். இரவெல்லாம் படியேறி, 2,243 மீற்றர் உயரத்தில் உதயத்தைத் தரிசித்து, காலையில் முழங்கால் நடுங்க இறங்கி வருகின்றனர். அதுவரையில் அவர்களைக் கொண்டுவந்த வண்டிகள் பனியிலே நனைந்துகொண்டு நிற்கின்றன.

அப்படி விறைத்துக் கிடந்த பழைய வண்டி ஒன்றின் சாவியைச் சாரதி திருப்புகிறார். ஒரு சத்தமும் இல்லை. சாவியைச் சற்றே ஆட்டினால் செவ்விளக்கு மின்னுகிறது, விட்டால் அணைகிறது. இந்தச் சிறு சங்கடத்திற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. (யாழ்ப்பாணத்தார் இதனைத் திறப்பு என்பர், மலையகத்தார் சாவி என்பர். வண்டி எப்பெயருக்கும் இணங்குவதில்லை.)

புகைவண்டி 1884இல் ஹற்றனை எட்டியது. அங்கிருந்து தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளிலே அப்பொழுது மாட்டுவண்டிகளே தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. 1904இல் மோட்டார்ச் சங்கம் ஒன்றும் நிறுவப்பட்டுவிட்டது. அக்கால வண்டிகள் பலவற்றுக்குப் பற்றரி தேவைப்படவில்லை. ஜெர்மனியில் பொஷ் நிறுவனம் 1902இல் உயர் அழுத்த மக்னீற்றோவை உருவாக்கியிருந்தது. எஞ்சின் சுழலும்போது அக்கருவி தானே மின்சாரத்தைப் பிறப்பித்துத் தீப்பொறியைத் தரும். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். சில வேளைகளில் அக்கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டை முறிப்பதும் உண்டு.

இந்த மக்னீற்றோ வண்டியிலே ஆளிக்கு இருந்த வேலை விசித்திரமானது. எஞ்சினை உயிர்ப்பிப்பது அதன் வேலையன்று, நிறுத்துவதே வேலை. மின்சாரத்தை வண்டியின் உலோக உடலுக்குள் வழிமாற்றி விட்டால் பொறி அற்றுப்போகும், எஞ்சின் நின்றுவிடும். ஆகவே அந்த வயர் அறுந்துபோனால் வண்டி ஓடாமற் போகாது, நிற்க மறுக்கும்! சாவி கெட்டால் வண்டி கிளம்பாது என்று இன்று நாம் கொள்ளும் எண்ணம், பின்வந்த மாறுதலால் ஏற்பட்டதேயாகும்.

அந்த மாறுதலை அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் சார்ல்ஸ் கெற்றரிங் என்பவர். பற்றரியின் மின்சாரத்தைக் கம்பிச்சுருள் ஒன்றின் வழியே உயர் அழுத்தமாக்கிப் பொறி தரும் முறையை அவர் செப்பமாக்கினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டியிலே அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் இடம்பெற்றது. அது முதற்கொண்டு பற்றரியே எஞ்சினின் உயிர். பற்றரிக்கும் எஞ்சினுக்கும் இடையே நிற்கும் ஆளியே வாயிற்காவலன். ஆயினும் நெடுங்காலம் சாவிக்கு ஒரு வேலை, ஸ்டார்ட்டர்ப் பொத்தானுக்கு வேறு வேலை என்றே இருந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் தன் வண்டிகளுக்குத் தந்தது. மற்றவர்களும் மெல்ல மெல்லப் பின்பற்றினர். வசதிதான், ஆனால் முன்னே இரண்டு இடங்களில் பகிர்ந்திருந்த பாரம் ஒரே கழுத்திலே ஏறிற்று. கைப்பிடி நுழைக்கும் துவாரமும் காலப்போக்கில் புதிய வண்டிகளிலிருந்து மறைந்துபோயிற்று.

மலைநாட்டுத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்து வண்டிகளே. மொரிஸ், ஒஸ்ரின், ஹில்மன் முதலியன நகரத்தாருக்கும் உத்தியோகத்தருக்கும். 1948இல் பிறந்த லாண்ட் றோவர் துரைமாருக்கும் மேடுபள்ளத்துக்கும். பெட்போர்ட் லொறி கொழுந்துக்கும் உரத்துக்கும். கொழுந்து ஏற்றிய அதே லொறிதான் நள்ளிரவிலே பிரசவ வேதனையில் துடிக்கும் தாயையும் ஏற்றிச் சென்றது. லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பல மைல் தூரம். வேறு வாகனம் கிடையாது. அவ்வேளையில் சாவி திரும்பாமற் போனால், அது இயந்திரக் கோளாறு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை.

டீசல் லொறியானால் ஓர் ஆறுதல் உண்டு. அதற்குத் தீப்பொறியே வேண்டியதில்லை. எண்ணெயைத் தடுத்தே அதனை நிறுத்துவர். ஆகவே சரிவிலே உருளவிட்டுக் கியரைப் போட்டால், சாவிக் கோளாறு இருந்தாலும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் வண்டி அப்படியன்று. கம்பிச்சுருளுக்கு மின்சாரம் செல்லாதவரை, நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் உருட்டினாலும் அது வெறும் இரும்புப் பெட்டியே.

1960களின் தொடக்கத்திலே இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புது வண்டி அரிதாயிற்று, உதிரிப்பாகமும் அரிதாயிற்று. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்து பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் இன்றும் பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். நகரமே மேட்டுக்கு இடம்பெயர்ந்த அக்காலத்திலும் அதே பழைய மொரிஸ்களே ஓடின. மலைநாட்டு மெக்கானிக்கின் கைத்திறன் வளர்ந்தது இப்பஞ்சத்திலேதான் என்றாற் பிழையில்லை.

அந்தத் திறன் எதைக் கண்டறிந்தது என்பதையும் சொல்லவேண்டும். சாவிப்பூட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். முன்னால் இருப்பது பூட்டு: சாவியின் பற்களுக்கேற்ப உயர்ந்து தாழும் மெல்லிய பித்தளைத் தகடுகள். பின்னால் இருப்பது ஆளி: மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் உலோகத் தொடுமுனைகள். சாவி திரும்பவே மறுத்தால் குற்றம் முன்னால். திரும்பியும் விளக்கு எரியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் பின்னால், அல்லது அதற்கு வரும் வயரில். மஸ்கெலியாப் பக்கத்து மழையும் மூடுபனியும் அத்தொடுமுனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும்; தடுத்த இடம் சூடேறும்; சூடேறிய முனை மேலும் கெடும்.

அக்கால இங்கிலாந்து வண்டிகளில் வயர்களின் நிறமே வழிகாட்டி. பற்றரியிலிருந்து நேரே வருவது மண்ணிறம். சாவியைக் கடந்து கம்பிச்சுருளுக்குச் செல்வது வெள்ளை. மண்ணிறத்தில் மின்சாரம் இருந்து, சாவியைத் திருப்பிய பின்னும் வெள்ளையில் இல்லையெனில், கள்வன் அகப்பட்டான். பற்றரியின் தொடர்பை முதலிலே கழற்றிவிட்டுத்தான் விவரமறிந்தவர் ஆளியில் கைவைப்பர். சில ஆளிகளில் ஊசி நுழையுமளவு துவாரம் ஒன்று உண்டு. சாவியைச் செருகி, அத்துவாரத்தில் மெல்லிய கம்பியை அழுத்தினால் பூட்டு முழுதாக வெளியே வந்துவிடும். இறுகிய பூட்டுக்குப் பென்சிற் கரித்தூளே மருந்து. தடித்த எண்ணெய் தூசியைச் சேர்த்துச் சேறாக்கிவிடும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய புதுச்சாவி தேய்மானத்தையும் சேர்த்தே பிறக்கும். பூட்டு முகத்தில் பொறித்த எண்ணைக்கொண்டு வெட்டுவதே முறை.

இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர் மண்ணிறத்தையும் வெள்ளையையும் முறுக்கி இணைத்துவிட்டு ஓட்டினர். வண்டி ஓடும். ஆனால் எஞ்சின் நின்றபின் அம்முறுக்கைப் பிரிக்க மறந்தால், கம்பிச்சுருள் கொதித்துக் கெடக்கூடும். காலையில் பற்றரியும் இறந்து கிடக்கும். அந்த வழியிலே பியூஸ் காவல் இல்லாத வண்டிகளில் முறுக்கு நழுவி உடலைத் தொட்டால் வயரே தீப்பற்றும். அவசர இரவிலே ஆஸ்பத்திரி வரைக்கும் செல்ல அது உபாயம்தான். அதுவே ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுவதுதான் வழக்கமாயிற்று.

பின்னர் வந்த வண்டிகள் புதிய அபாயம் ஒன்றையும் கொண்டுவந்தன. களவைத் தடுக்க, சாவியை எடுத்தால் சுக்கானும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் தொடர்ந்தன. பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறக்கத்தில் உருளும் பழக்கம் பழைய வண்டிக்காரருக்கு உண்டு. அதே பழக்கத்தோடு சுக்கான் பூட்டுள்ள வண்டியிலே சாவியையும் உருவினால், அடுத்த கொண்டை ஊசி வளைவிலே சக்கரம் திரும்பாது. பூட்டு தேய்ந்த வண்டியானால் ஓட்டத்திலேயே சாவி தானாக நழுவி வந்துவிடுவதும் உண்டு.

இது பழைய வண்டிகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் மட்டும் உரிய தொல்லையன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2014இல் ஏறத்தாழ 26 இலட்சம் சிறு கார்களை இதே பொருளுக்காகத் திரும்ப அழைத்தது. ஆளியின் உள்ளே இருந்த ஸ்பிரிங்கின் பிடி போதாமையால், கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ சாவியைத் திருப்பிவிடும், எஞ்சின் அணையும், மோதலில் காக்கவேண்டிய காற்றுப்பை விரியாது. நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களை இக்குற்றத்தின் விளைவென ஏற்றது. நிறுவனத்தின் எஞ்சினியர்கள் குறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். பாகத்தைத் திருத்தியும் அதன் எண்ணை மாற்றாது விட்டனர் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. அந்த ஒரு இலக்கம் மாறியிருந்தால், பழைய ஆளி எது, புதிய ஆளி எது என்ற உண்மை முன்னமே புலனாகியிருக்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வாயில் திறந்தது. அவ்வைந்தாண்டும் பழைய வண்டிகளுக்கு மீண்டும் மவுசு. களிம்பு சுரண்டும் அரத்தாளும் கரித்தூளும் கராஜ்களில் மறுபடி வேலை செய்தன. யாத்திரைக் காலத்து விடியற்காலையில் நல்லதண்ணி வாகனத் தரிப்பிடத்தில் இன்றும் சில சாரதிகள், சாவிக்கொத்திலிருந்து வண்டிச்சாவியை மட்டும் தனியே கழற்றி, சட்டைத் துணியில் ஈரம் துடைத்து, பின்புதான் துவாரத்தில் செருகுகின்றனர்.