உப்பு போன திசை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு காலைகளில் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்பைப் பிடித்த சட்டை, முன்னால் மினுக்மினுக்கென்று ஒரு விளக்கு. சென்னையிலிருந்து கிளம்பி மாமல்லபுரம், கடப்பாக்கம், மரக்கானம் தாண்டி புதுச்சேரிக்குப் போய்க் காபி குடித்துவிட்டு, பஸ்ஸிலோ சைக்கிளிலோ திரும்புவார்கள். மரக்கானத்தில் பாலம் வரும்போது வண்டியை நிறுத்தி உப்பளத்தைப் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அங்கே மேற்கே பிரிகிற திண்டிவனம் சாலையில் யாரும் திரும்புவதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் திருப்பத்தைப் பற்றியது.

நான் இருப்பது வானூர் பக்கம். வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு எழுதுகிறவனுக்கு முதுகுக்கு நல்லது என்று ஆரம்பித்த சைக்கிள் பழக்கம், போகப் போக வரலாற்றுப் பைத்தியமாக மாறிவிட்டது. எங்கள் ஊரில் மலையேற்றம் கிடையாது. சைக்கிள்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் வளைவுச் சாலைகள் கிடையாது. காற்றுதான் எங்கள் மலை. உப்பளத்து வெளியில் மறைப்பதற்கு ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் எதிர்க்காற்று பிடித்தால், ஏலகிரி ஏறுகிற அதே மூச்சுதான் வாங்கும். ஒரே வித்தியாசம், மலை என்றால் உச்சி என்று ஒன்று வரும்.

வானூரிலிருந்து மரக்கானத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் குறுக்கே கழுவேலி வரும். உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் கடல் மாதிரி விரியும், கோடையில் வெடித்த சேறாகக் கிடக்கும். இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்பு. 2021இல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சுமார் 5,151 ஹெக்டேர், வானூர், மரக்கானம் என இரண்டு வட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. ஆகவே நேர்கோட்டில் போக முடியாது. கடற்கரைப் பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் உள்நாட்டுப் பக்கமாக. கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு நீலக் கடல் கிடைக்கும். உள்நாட்டுப் பக்கம் போனால் ஒரு பழைய பயணக் குறிப்பே கிடைக்கும்.

பயணக் குறிப்பு என்று நான் சொல்வது சிறுபாணாற்றுப்படையை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடிகள். எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கே என்று கேட்காதீர்கள்; வாராவாரம் நீங்கள் சைக்கிளில் கடந்து போகிற கடப்பாக்கம் வட்டாரம்தான். இன்றைக்கும் அங்கே பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. நத்தத்தனார் நம்ம ஈசிஆர் ஆள்.

வள்ளல் நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஓய்மாநாட்டுக்குப் போ, முதலில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், அடுத்து ஆமூர், அங்கிருந்து அவனுடைய ஊர் தூரமில்லை. ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்கிறான். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல் மீனும். வேலூரில் வேட்டுவக் குடியில் புளி போட்ட சூடான சோறும் ஆமான் கறியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். எங்கே நிறுத்தினால் எது நன்றாக இருக்கும் என்று சொல்லும் இன்றைய யூடியூப் சாப்பாட்டு வீடியோவுக்கு இதைவிடச் சுருக்கமான திரைக்கதை எழுத முடியாது.

எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்கானம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டி இருக்கிறது. வேலூர்? அது கோட்டையும் மருத்துவக் கல்லூரியும் இருக்கிற வேலூர் இல்லை. கிளியனூர் பக்கம் இருக்கும் உப்புவேலூர் என்று அடையாளம் காண்கிறார்கள். எங்கள் வட்டத்து ஊர். அந்தப் பெயரை முதல்முறை வழிகாட்டிப் பலகையில் படித்தபோது நான் பிரேக் போட்டு நின்றேன். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிற ஊருக்குப் பெயரில் ஏன் உப்பு?

பெயருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது எளிமையானது. உப்பு எங்கே விளைகிறதோ அங்கே அது விசேஷம் இல்லை. அது போய்ச் சேரும் வழியில்தான் அதற்குப் பெயரும் விலையும். மரக்கானத்தில் விளைந்த உப்பு மேற்கே போனது. நெல் விளையும் ஊர்களுக்கு, ஆடு மாடு மேயும் காடுகளுக்கு, அதற்கும் அப்பால். பாணன் நடந்த வழியும் உப்பு வண்டி உருண்ட வழியும் ஒன்றாக இருந்திருக்க எல்லா நியாயமும் இருக்கிறது. நெய்தலிலிருந்து கிளம்பிக் காட்டைக் கடந்து வயலுக்குப் போகும் வழி அது.

அந்த வண்டிக்காரர்களுக்குச் சங்கப் பாடல்களில் பெயர் உமணர். குடும்பத்தோடு, குழந்தை குட்டியோடு, வரிசையாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வரிசைக்குப் பெயர் ஒழுகை. நெல்லும் உப்பும் ஒன்றுக்கொன்று சரி என்று உமணப் பெண் சேரியில் கூவி விற்பதை அகநானூறு காட்டுகிறது. புறநானூற்றில் ஔவையார் இன்னொன்று சொல்கிறார்: மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, உமணர் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு. சீட்டுக்கு அடியில் ஒரு ட்யூபும் பஞ்சர் கிட்டும் கட்டிக்கொண்டு போகிற எனக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அந்தப் பாடலில்தான்.

இப்போது மரக்கானத்திலிருந்து மேற்கே திரும்புவோம். திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை நாள் வழி. அதாவது நடுவில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அந்த ராத்திரி எங்கே என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்தால், தட்டை நிலத்தில் திடீரென்று ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கும். பெருமுக்கல். மேலே ஒரு சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், அதற்கும் வெகு காலம் முன்பு யாரோ பாறையில் கீறி வைத்த உருவங்கள். படியேறி மேலே நின்றால் வழியில் எந்தப் பக்கம் எது வந்தாலும் தெரியும். அதனால்தான் 1760இல் வந்தவாசிப் போரில் வென்ற கையோடு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், புதுச்சேரியை முற்றுகையிடப் போகும் முன்பு இந்தக் குன்றைப் பிடித்தார். ஆங்கிலேயர் வாயில் இதன் பெயர் பெர்மாகாயில். வண்டிக்காரன் தங்கிய இடம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சைக்கிள் வேகத்தில் போகும்போது உடம்பே சொல்லும், இங்கே இறங்கித் தண்ணீர் குடி என்று. காரில் போனால் பெருமுக்கல் ஜன்னலில் நான்கு நிமிஷம்.

சரி, மேற்கே போன உப்பு எப்போது திசை மாறியது? ஒரே நாளில் இல்லை. கடப்பாக்கம் அருகே உப்பங்கழி ஓரத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பாருங்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இரண்டு கம்பெனிகளுக்கும் இந்தக் கரை, கப்பல் நிற்கும் இடம். அவர்கள் கண் நிலத்தைப் பார்க்கவில்லை, கரையோரமாக வடக்கையும் தெற்கையும் பார்த்தது.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைந்த உப்பைச் சர்க்காருக்குத்தான் கொடுக்க வேண்டும், சர்க்கார் வைத்த விலைக்கு. நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று பேரம் பேசிய தெரு அங்கேயே முடிந்தது. அடுத்து பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த சனங்களுக்குக் கூலி கொடுத்துச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். ஆந்திரத்திலிருந்து வரும் அந்தக் கால்வாயின் தென்கோடி மரக்கானம். உப்பும் விறகும் படகேறி வடக்கே சென்னைக்குப் போயின. அதே 1870களில் திண்டிவனத்துக்கு ரயில் வந்தது. அதுவும் வடக்கு தெற்காகத்தான் ஓடியது. கடைசியில் 1990களில் கிழக்குக் கடற்கரைச் சாலை.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முனைகள் எல்லாம் அப்படியே இருக்க, நெட்வொர்க்கின் இணைப்புகளை மட்டும் மாற்றிவிட்டார்கள். எயிற்பட்டினமும் வேலூரும் கிடங்கிலும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று பார்ப்பதை நிறுத்திவிட்டன. எல்லாம் சென்னையைப் பார்க்கின்றன.

சைக்கிள் நண்பர்கள் ஸ்பெயின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். மலைச் சரிவு, கல் வீடுகள், ஊர் நடுவே ஒரு பழைய தேவாலயம். அங்கே மெரிதாவிலிருந்து அஸ்தோர்காவுக்குப் போகும் பழைய ரோமானியச் சாலையின் தடத்திலேயே இன்றைக்கும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வியா தெ லா பிளாத்தா என்று அதற்குப் பெயர், வழியெல்லாம் அடையாளக் கற்கள். எனக்கு அந்த மலைமேல் பொறாமை இல்லை. பழைய வழி இது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறதே, அதன்மேல்தான் பொறாமை. நம்மிடம் வழி இருக்கிறது, வழியைச் சொல்லும் பாட்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பலகை மட்டும் இல்லை. மரக்கானம் பூமீஸ்வரர் கோயில் சோழர் கல்வெட்டுகளோடு நிற்கிறது. நெடுஞ்சாலையில் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இது வெறும் பழம்பெருமை விவகாரம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை இந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழிச் சாலையாக அகலமாகிக்கொண்டிருக்கிறது. உப்பளத்துக் கரையில் ஒருநாள் தண்ணீர் குடிக்க நின்றபோது, பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா விசாரித்தார்.

"எங்கேர்ந்து தம்பி வர்றே?"

"வானூர்க்கா."

"சைக்கிள்லயா? ஏன், பஸ் நிக்கலையா?"

சிரித்துவிட்டு, ரோடு வேலையைக் கைகாட்டினார். "வூடு அந்தாண்ட, பாத்தி இந்தாண்ட. ரோடு பெருசாயிட்டா எப்டி தாண்டறது? ரெண்டு கிலோமீட்டர் போயிட்டுத் திரும்பி வரணும்னு சொல்றாங்க. விடிகாலைல இருட்டுல சைக்கிள வச்சிகிட்டு?"

வரப்போரம் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தேன். நிறைய பள்ளிக்கூட சைக்கிள்கள், பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தவை. பிள்ளை படித்து முடித்த பிறகு அம்மா ஓட்டுகிறார். சோற்று வாளி ஹேண்டில்பாரில் தொங்குகிறது. உப்புக் காற்று பட்டுச் செயின் துருப்பிடித்திருக்கிறது.

நெடுஞ்சாலை போடுகிறவர்களின் வரைபடத்தில் இந்த ஊர் ஒரு புள்ளி. வடக்கிலிருந்து தெற்குக்கு எவ்வளவு வேகத்தில் அதைக் கடக்கலாம் என்பதுதான் கணக்கு. அந்த அக்காவின் நாள் கிழக்கு மேற்காக நடக்கிறது. வீட்டிலிருந்து பாத்திக்கு, பாத்தியிலிருந்து வீட்டுக்கு. உமணர் போன அதே அச்சில், ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் சுருங்கிப்போய். பழைய உப்பு வழியில் மிச்சமிருப்பது இந்தச் சின்னத் துண்டுதான். சுரங்கப் பாதையோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக ஒரு சரிவோ வைக்காமல் சாலையை விரித்தால் அதுவும் அறுந்துபோகும். வரலாற்று உணர்வு என்று நாம் பெரிதாகப் பேசுவதற்கு இங்கே ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. ஒரு சாலையைப் போடும் முன்பு, அதைக் குறுக்கே கடந்தவர்கள் யார் என்று கேட்பது.

அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், பாணன் மாதிரி. காலையில் வெயிலுக்கு முன்பு மரக்கானம் வந்து சேருங்கள். பூமீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டுப் பாலத்துக்கு முன்பு ஒரு மீன் குழம்புச் சாப்பாடு. கடற்காற்று எழும்ப மதியம் ஆகும், அவசரப்படாதீர்கள். அது எழுந்ததும் மேற்கே திரும்புங்கள், முதுகைப் பிடித்துத் தள்ளும். பெருமுக்கல்லில் இறங்கிக் குன்றேறுங்கள். திண்டிவனத்தில் டீ. அங்கிருந்து புதுச்சேரிச் சாலையில் தெற்கே இறங்கி, கிளியனூர் வந்ததும் உப்புவேலூருக்கு வழி கேளுங்கள். ஆமான் கறி கிடைக்காது, பரோட்டா கிடைக்கும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான் வரும். ஒரு மாற்று ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள்.