625இன் பின்பாதி

"அண்ணே, ஒரு 625 குடுங்க." எங்கள் மருந்துக் கடையில் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம், கூட்டினால் 625. கிருமியைக் கொல்வது பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின். கூட வரும் அமிலம் தனியாகப் போனால் பெரிதாக எதையும் கொல்லாது. அப்படிப்பட்ட ஒன்றை ஏன் தேடினார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய கதை.

பென்சிலினைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவிடம் உண்டென்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் 1940இலேயே எழுதிவிட்டார்கள். அந்த மருந்து சந்தைக்கே வராத காலம் அது. பிறகு நொதிக்கு அசையாத பென்சிலின்களைச் செய்து பார்த்தார்கள். மெத்திசிலின் அப்படி வந்ததுதான். அதைச் செய்த பீச்சம் நிறுவனமே, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிராக்கம் பார்க் ஆய்வுக்கூடத்தில், நொதியையே முடக்கும் பொருளையும் தேடியது.

தேடிய விதம் அழகு. தட்டில் அகார் கூழ், அதில் கிளெப்சியெல்லா கிருமியும் கொஞ்சம் பென்சிலினும். கிருமி பென்சிலினைச் சிதைத்துவிட்டுத் தட்டு முழுக்க வளரும். அதன்மேல் மண் நுண்ணுயிரிகள் வளர்ந்த சாற்றை இடுவார்கள். சாற்றில் நொதியை முடக்கும் சரக்கு இருந்தால் பென்சிலின் பிழைக்கும். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். கொல்லத் தெரியாத பொருளைக்கூடக் காட்டிக்கொடுத்த சோதனை இது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற நுண்ணுயிரி தந்த அமிலம் இப்படித்தான் அகப்பட்டது. நொதி அதைப் பென்சிலினென்று கவ்வி, தூண்டில் விழுங்கிய மீனாய் மாட்டிக்கொள்கிறது. அமாக்சிசிலினோடு சேர்த்து இந்த அமிலம் 1981இல் ஆகுமென்டின் என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

இந்த அமிலத்துக்கு ஈரம் ஆகாது. குழந்தைகளுக்கான மருந்து பொடியாகவே வருவதும், தண்ணீர் கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளில் முடிக்கச் சொல்வதும் அதனால்தான்.

எல்லா நொதியும் இதற்கு மசியாது. துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் என்டிஎம்-1 இதைப் பொருட்படுத்துவதே இல்லை. சென்னை ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் என்ற நொதிமுடக்கி, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. நமக்குப் பெருமைதான், ஆனால் என்டிஎம்-1ஐ அதுவும் தடுக்காது.

தேவையில்லாமல் விழுங்கினால் மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் பெருகும். ஆகவே சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் 625 கேட்டு வராதீர்கள். வைரஸிடம் இந்த மருந்துக்கு வேலையே கிடையாது. டாக்டர் சீட்டோடு வாருங்கள். எழுதிய நாள்வரை முழுதாகச் சாப்பிடுங்கள்.