தூளி கட்ட ஒரு விட்டம்

பிறந்த குழந்தையை எங்கே படுக்க வைப்பது? இன்றைக்கு இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் பதில் சொல்கிறார்கள். தாயின் படுக்கைக்குப் பக்கத்தில், தனியாக, கெட்டியான சமமான விரிப்பில் மல்லாக்கப் போட வேண்டும். தலையணை கூடாது, கனத்த போர்வை கூடாது. குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-ல் சொன்னது. அதற்குப் பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் செத்துப்போகிற குழந்தைகளின் எண்ணிக்கை அந்த நாட்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த யோசனைக்குள்ளே ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்குள்ளே காய்ந்த தரை இருக்கிறது. எல்லாத்துக்கும் மேலே, பக்கத்திலேயே இருக்கிற ஒரு தாய் இருக்கிறாள். இந்த மூணும் நம்ம சனங்களுக்கு எப்போ, எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்மிடம் இருந்தது தூளி. சில ஊரில் ஏணை என்பார்கள், சில ஊரில் தொட்டில். பழைய சேலை ஒன்று, கட்டுவதற்கு ஒரு விட்டம். அவ்வளவுதான் செலவு. சேலை நம்முடையது. விட்டம் யாருடையது?

விட்டத்துக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மனை வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடியிருக்கிறவனுக்குத் தன் குடிசை நிற்கிற மனைமீதுகூட உறுதியான உரிமை இல்லை, மிராசுதார் அதைக் காட்டியே அவனை மிரட்டி வைக்க முடிகிறது என்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார். பஞ்சமி நிலம் என்று இன்றைக்கு நாம் கேட்கிற நிலத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கீழத்தஞ்சையிலும் இதே கதைதான். பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில் நின்றது. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரி என்பார்கள். பிள்ளை பெற்ற வீடாச்சே என்று பார்க்கிற வழக்கம் இல்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. ஆனால் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சொல்லும் குடியிருப்புச் சட்டம் 1971-ல்தான் வந்தது. அதுவரைக்கும் தூளி தொங்கின விட்டத்துக்குக் கீழே இருந்த மண் ஆண்டையுடையது.

இது ராத்திரிக் கதை. பகல் கதை வேற.

நடவு, களை, அறுப்பு என்று வேலை இருக்கிற நாள் கொஞ்சம். அந்த நாளில் பச்ச உடம்பு என்று வீட்டில் கிடந்தால் அடுப்பு எரியாது. அதனால் தூளி வயக்காட்டுக்கு வந்தது. வாய்க்கால் கரைப் பூவரசு மரத்தில் கட்டினார்கள். கீழே போட்டால் கட்டெறும்பு, பூச்சிபொட்டு. குனிஞ்சு நடுகிற தாய்க்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். "மாரு கட்டிக்கிட்டு வலி உசுரு போவும். கரையேறணும்னா காரியக்காரர் மூஞ்சியப் பாக்கணும்" என்று என் பாட்டி சொல்லுவாள். கோவமாகச் சொல்லமாட்டாள், மழை பெஞ்சதைச் சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

தாய் கரையேற முடியாத நேரத்தில் தூளியை ஆட்டினது யார்? அக்காதான். ஒவ்வொரு தூளிக்குப் பக்கத்திலும் ஆறு, ஏழு வயசில் ஒரு பொம்பளப்பிள்ளை நின்றாள். என் அக்கா மூணாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் நான் பிறந்ததுதான். நம் தெருக்களில் பெண்கள் ஏன் படிக்கவில்லை என்று கணக்கெடுக்க வருகிறவர்கள் வறுமை என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கணக்கில் தூளிக்கயிறும் சேர வேண்டும்.

வேலைக்குப் போகிற தாயின் பிள்ளை எங்கே கிடக்கும் என்ற கேள்வியை அரசாங்கம் முதலில் கேட்டது மில்லுகளில்தான். பம்பாயில் மில்லுக்குப் போன தாய்மார் பிள்ளை எழாமல் தூங்கட்டும் என்று அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். 1929-ல் அமைத்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் தந்த அறிக்கையிலேயே இது இருக்கிறது. அதற்கு முன்னாலேயே, 1928-ல், பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்துக்கே நல்லது, அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929-ல் அது சட்டமானது, சென்னை மாகாணத்துக்கு 1934-ல் வந்தது. ஆனால் சட்டம் பேசியது ஆலைப் பெண்களைப் பற்றி. நம்ம பெண்களில் பெரும்பாலோர் வயலில் இருந்தார்கள்.

பின்னால் வந்த சட்டங்களும் அப்படியே. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வை என்றது. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்கள் என்று கணக்குச் சொன்னது. இலங்கை மலையகத்துக்குப் போன நம்ம சனங்களுக்குப் பிள்ளை மடுவம் இருந்தது. தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுப்போனாள். துரைமாருக்கு இரக்கம் வந்து அல்ல, கொழுந்து பறிக்கிற கை வேண்டும் என்று. இருந்தாலும் பிள்ளைக்கு ஒரு கூரை இருந்தது. மிராசுதாருக்கும் நடுகிற கை வேண்டியிருந்ததே, அவர் ஏன் ஒரு கொட்டகை போடவில்லை? மரமும் அக்காவும் சும்மா கிடைத்ததால் போடவில்லை.

வயல் பெண்ணை விட்டுவிட்டு எழுதிய கடைசிச் சட்டம் என்று எதையும் சொல்ல முடியாது. 2017-ல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தினபோதும் அது மாதச் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்குத்தான் உதவியது. 2005-ஆம் வருஷ வேலை உறுதிச் சட்டம் ஒன்றுதான், வேலையிடத்தில் ஆறு வயதுக்குக் கீழே அஞ்சு பிள்ளைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைப் போடு, அவளுக்கும் கூலி கொடு என்று எழுதியது. என் அக்கா கூலியில்லாமல் செய்த வேலை அது. அதற்கும் கூலி உண்டு என்று அரசாங்கக் காகிதத்தில் படித்தபோது அவளை நினைத்துக்கொண்டேன்.

நகரத்து எழுத்தாளர்களுக்கு மரத்துத் தூளி பிடிக்கும். பச்சை வயல், ஆடுகிற சேலை, தாலாட்டு. அதைத் தமிழர் பண்பாடு என்று அட்டைப்படம் போடுகிறார்கள். நம்ம ஆட்களிலும் சிலர் அதில் மயங்குகிறார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். தூளியில் சுருண்டு கிடக்கிற பச்சைக் குழந்தைக்குத் தாடை மார்பில் அழுந்தி மூச்சு முட்டலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும், பாட்டன் வழக்கம் என்று வீம்பு பேசக் கூடாது. நம் தாய்மாருக்குத் தூளி விருப்பமாக வந்ததல்ல. ஈரத்தரையிலிருந்து பிள்ளையை ஒரு முழம் தூக்கிவைக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அந்த அறிவுக்கு மரியாதை செய்யலாம். அந்த நிலைமைக்கு மரியாதை செய்ய முடியாது.

ஆகவே, குழந்தையை அம்மாவுக்குப் பக்கத்தில் மல்லாக்கப் போடுங்கள் என்று நம் தெருவுக்கு வந்து சொல்கிற நர்சம்மாவை வரவேற்போம். கூடவே நாமும் சிலதைக் கேட்போம். பக்கம் என்று ஒன்று இருக்கப் பட்டாவோடு மனை. சிமெண்டு பூசின காய்ந்த தரை. கூலிக்குப் போகாமல் பிள்ளையோடு கிடக்க அந்த மாதங்களுக்கான கூலி. அக்காமார் பள்ளிக்கூடத்தில் இருப்பதற்கு உத்தரவாதம். இதெல்லாம் கிடைத்தால் எங்கே படுக்க வைப்பது என்று நம் பெண்களே முடிவு செய்துகொள்வார்கள்.