ஞானஸ்நானம்

ஞானம், ஸ்நானம் என்னும் இரு வடசொற்கள் கூடிப் பிறந்த இச்சொல், அமிழ்த்துதல், தோய்த்தல் என்று பொருள்படும் 'பாப்டீசெயின்' என்னும் கிரேக்க வினையின் வழிப் பெயர்பெற்ற கிறித்தவச் சடங்கைக் குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் இக்காலத்தில் இதனைத் திருமுழுக்கு என்பர். மீட்புக்கு, அதாவது பாவத்தினின்று விடுபட்டு இறைவனோடு ஒன்றுதற்கு, இந்நீர்ச்சடங்கு இன்றியமையாததா என்னும் வினா பழமையானது. யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் நீராலும் ஆவியாலும் பிறத்தலைப் பற்றி இயேசு நிக்கொதேமுவிடம் கூறுவதைக் கொண்டு, அது இன்றியமையாததே எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் அறுதியிட்டது. எனினும், அதற்கு நெடுங்காலம் முன்பே, 392இல் ஞானஸ்நானம் பெறாமலே இறந்த உரோமைப் பேரரசர் இரண்டாம் வலெந்தினியானுக்கு இரங்கலுரை ஆற்றிய மிலான் ஆயர் அம்புரோசு, அவர் அதனை விரும்பிக் கேட்டிருந்தார் என்பதையே சுட்டி, அருள் அவருக்கு மறுக்கப்படவில்லை என்று அவருடைய உடன்பிறந்தாரைத் தேற்றினார். நீரை நாடியும் அதனைப் பெறாமல் இறந்தோருக்குரிய 'ஆசை ஞானஸ்நானம்' என்னும் கருத்துக்கு இவ்வுரை முதன்மையான சான்றாயிற்று. விசுவாசத்துக்காக உயிர் நீத்த மறைசாட்சிகளுக்குரிய 'இரத்த ஞானஸ்நானம்' அதனினும் பழையது. சடங்கின் மாண்பைக் குறைக்காமலும் இறையிரக்கத்தைச் சடங்குக்குள் அடைக்காமலும் சொல்லின் பொருளை விரித்த இவ்வழக்குகள் பெரிதும் போற்றத்தக்கவை. கத்தோலிக்கரல்லாத பிற கிறித்தவ சபைகளிடையே இவ்வினாவுக்கு விடை வேறுபடுகிறது: லூத்தரன் திருச்சபை ஞானஸ்நானத்தை அருளின் கருவியாகவே கொள்ள, பாப்டிஸ்டுகள் அதனை முன்பே பெற்ற மீட்பின் வெளிச்சான்றாகக் கருதுவர்; குவேக்கரும் இரட்சணிய சேனையினரும் நீர்ச்சடங்கை நடத்துவதில்லை.