கிண்ணத்தில் இருந்தது எது?

தமிழ் விவிலியத்தைப் படிப்போரைச் சற்றுத் தரித்து நிற்கச் செய்யும் சொற்களுள் ஒன்று ‘திராட்சரசம்’. பிழிந்தெடுத்த சாற்றையும் இரசம் என்கிறோம். புளித்து மதுவானதையும் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லாலேயே குறித்தனர். நான் சைவ மரபில் வந்தவன், தமிழ் கற்பிப்பவன். பிற சமயத்தார்க்குத் தீர்ப்புச் சொல்வது என் பணியன்று. ஆயினும் சாறா, மதுவா என்னும் இதே வினாவின்மீது கிறிஸ்தவ உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுபட்டு நின்ற வரலாறு, சொல்லோடு பழகுவோர் அறிய வேண்டியதொன்று.

விவிலியம் மதுவைப் பற்றி ஒரே குரலிற் பேசவில்லை. மனிதனின் உள்ளத்தை மகிழ்விப்பதாக அதனைச் சங்கீதம் போற்றுகின்றது. நீதிமொழிகளோ அதன் மயக்கத்தைப் பாம்பின் கடிக்கு ஒப்பிடுகின்றது. நோவா குடித்து மானமிழந்த கதையும் அங்கே உண்டு. குடிப்பதில்லை என்னும் தந்தையின் கட்டளையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ரேகாபியரின் கதையும் உண்டு. இயேசுவோ கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடி நீரைத் திராட்சரசமாக்கினார். வயிற்று நோயுற்ற திமொத்தேயுவைச் சிறிது அருந்தச் சொன்ன பவுல், வெறிகொள்ளுதலைக் கடிந்தும் எழுதினார்.

இந்த முரண் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். புறநானூற்றில் ஔவையோ, அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை எண்ணி இரங்குகிறார். இரண்டும் எமது இலக்கியமே.

நெடுங்காலம் திருச்சபை நடுவழியிலேயே நின்றது. ஆறாம் நூற்றாண்டில் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ற், மது துறவிக்கு உரியதன்று என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் தம் காலத்துத் துறவியரை அதற்கு இணங்கச் செய்ய இயலாதென்றும் கண்டார். ஆகவே நாளொன்றுக்கு ஒரு சிறிய அளவை வரையறுத்து, முற்றாகத் துறக்க வல்லவர்க்குத் தனிப் பலன் உண்டென்று கூறி அமைந்தார். மடங்களிலே திராட்சைத் தோட்டங்கள் செழித்தன.

நிலைமையை மாற்றியது வேதமன்று, வாலை. வடித்தெடுத்த சாராயம் மலிந்தபோது குடியின் தன்மையே வேறாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டனில் ஜின் என்னும் மது ஏழைக் குடும்பங்களைச் சூறையாடியது. அந்த அவலத்தை ஹோகார்த் 1751 ஆம் ஆண்டிற் சித்திரமாக்கினார். அதற்கு முன்னரே, 1743 இல், ஜோன் வெஸ்லி தம் மெதடிஸ்த சங்கங்களுக்கு வகுத்த விதிகளில் வடிமதுவை வாங்குவதையும் விற்பதையும், மிக அவசியமான வேளையன்றி அருந்துவதையும் தடுத்தார். அவர் விலக்கியது சாராயத்தையே, திராட்சை மதுவையன்று.

அடுத்த நூற்றாண்டில் அந்தக் கோடும் அழிந்தது. 1832 இல் இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகரில் ஜோசப் லிவ்சியும் தோழரும் எல்லா மதுவையும் துறக்கும் சத்தியத்தில் ஒப்பமிட்டனர். அயர்லாந்தின் கோர்க் நகரில் 1838 இல் தியோபோல்ட் மத்தியு என்னும் கத்தோலிக்கத் துறவி தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் சத்தியஞ் செய்தனர்.

மது முற்றிலுந் தீதாயின், இயேசு கொடுத்த கிண்ணத்தில் இருந்தது எது? விவிலியம் போற்றும் இரசம் புளியாத சாறே, இகழ்வதே மது என்று சில அறிஞர் வாதிட்டனர். அமெரிக்காவின் அண்டோவர் இறையியற் கல்லூரியில் எபிரேயம் கற்பித்த மோசஸ் ஸ்ருவேட் 1848 இல் இக்கருத்தை வலியுறுத்தினார். யாழ்ப்பாணத்துக்கு 1816 இல் வந்து வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராய் விளங்கிய டானியல் பூவர் பயின்றதும் அந்த அண்டோவரிலேயே.

சொல்லாராய்ச்சி இவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை என்றே நான் கருதுகிறேன். கொரிந்து நகரத்துச் சபையார் ஆண்டவரின் பந்தியிலேயே வெறிகொண்டதைப் பவுல் கண்டிக்கிறார். சாற்றைக் குடித்து எவரும் வெறிகொள்வதில்லை.

ஆயினும் வாதம் தோற்ற இடத்தில் வழக்கம் வென்றது. நியூ ஜேர்சியில் வாழ்ந்த பல் வைத்தியரும் மெதடிஸ்தருமான தோமஸ் வெல்ச், பாஸ்ரரின் முறையைப் பின்பற்றி 1869 இல் திராட்சைச் சாற்றைப் புளிக்காமற் காத்தார். திருவிருந்துக்கென அவர் செய்த அச்சாறு பின்னர் பெரும் வணிகப் பொருளாயிற்று. அங்கிலிக்கன் ஆயர்களோ 1888 ஆம் ஆண்டு லம்பெத் மாநாட்டில், உண்மையான மதுவன்றி வேறெதனையும் திருவிருந்திற் பயன்படுத்தல் ஆண்டவரின் முன்மாதிரிக்கு ஒவ்வாது என்று தீர்மானித்தனர். அமெரிக்கா 1920 இல் நாடளாவிய மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியபோதும் வழிபாட்டு மதுவுக்கு விலக்களித்தது. அம்மதுவிலக்கும் 1933 இல் நீங்கியது.

இரு சாராரும் எங்கே சந்திக்கின்றனர்? தன் சகோதரன் இடறி விழுவதற்கு ஏதுவாகுமாயின், இறைச்சி உண்ணாதிருப்பதும் மது அருந்தாதிருப்பதும் நன்று என ரோமருக்கு எழுதினார் பவுல். குடியிலிருந்து மீண்டவன் ஆலயத்தில் மீண்டும் அதன் சுவையைக் காணலாகாது என்பதே சாற்றை ஏந்தியோரின் கவலை. திருப்பலிக்கு மது வேண்டும் என்பதில் தளராத கத்தோலிக்கத் திருச்சபையும், குடிநோயால் வருந்தும் குருமார், புளிப்பேறத் தொடங்கும்போதே தடுத்து நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றை உரிய அனுமதியுடன் பயன்படுத்த இடமளிக்கின்றது. 2003 இல் வத்திக்கான் விடுத்த சுற்றுமடல் இதனைத் தெளிவாக்கிற்று.

ஒரு சாரார் கிண்ணத்தில் இருப்பதை மாற்றினர். மறுசாரார் அதனை மாற்றாது, தள்ளாடுபவனுக்கு வழிவிட்டனர். சொல்லின் பொருளில் அவர்கள் இன்னும் உடன்படவில்லை. பந்தியில் பலவீனனுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதில் உடன்பட்டிருக்கின்றனர்.