ஓடாத டயரின் வயது

வழியில் டயர் பஞ்சரானால் நம்மூரில் முதல் கேள்வி, "ஸ்டெப்னி இருக்கா?" ஏதோ இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துத்தான் சொல்கிறோம். லண்டனில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள். வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே 1904இல் டேவிஸ் சகோதரர்கள் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளும் உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அந்தக் காலத்தில் காரோடு உபரிச் சக்கரம் வராது. தெருவின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. பிறந்த இடத்தில் அந்தச் சொல் மறைந்துவிட்டது. இந்தியாவில் பிழைத்துக்கொண்டது, பிரேசிலில் 'எஸ்டெபி' ஆகிப் பிழைத்துக்கொண்டது.

பிரேசிலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் பழைய வேன் உலகத்திலேயே கடைசியாகத் தயாரானது அங்கேதான். கோம்பி என்று அதற்கு அங்கே செல்லப்பெயர். 2013 டிசம்பரில்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1947இல் டச்சு வியாபாரி பென் போன் ஒரு தாளில் கிறுக்கிக் காட்டிய பெட்டி வடிவம், 1950இல் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் வண்டியாக இறங்கியது. 1956இல் அதற்கென்றே ஹானோவரில் தனித் தொழிற்சாலை கட்டினார்கள். ரொட்டி ஏற்றினார்கள், ஆம்புலன்ஸ் ஆக்கினார்கள், பின்னாளில் ஹிப்பிகள் பூ வரைந்தார்கள். இதெல்லாம் பலரும் எழுதிய கதை. நான் பேச வந்தது வண்டிக்கு அடியில் இருக்கும் நாலு டயரைப் பற்றி. அந்த நாலையும் சொந்தக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும் ஒரு சின்னச் சந்தையைப் பற்றியும்.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேலை பார்த்தபோது, அலுவலக நண்பரோடு இந்த வேன்காரர்களின் முகாம்களுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். வேன்களை வட்டமாக நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்துப் பழைய சாமான்களை வைப்பார்கள். கார்புரேட்டர், விளக்குக் கண்ணாடி, கூடவே டயர். டயரை அஞ்சலில் அனுப்பினால் கூலியே விலையைத் தாண்டிவிடும், அதனால் நேரில்தான் வியாபாரம். பேரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பாதி நேரம், "சும்மா எடுத்துட்டுப் போங்க" கதைதான்.

இந்தச் சந்தை ஏன் உருவானது? ஒரு காரணம் எடை. 1979இல் வந்த மூன்றாம் தலைமுறை வேனை அமெரிக்காவில் வேனகன் என்றார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, குடும்பத்தையும் ஏற்றினால் இரண்டே கால் டன்னை நெருங்கும். எஞ்சின் வேறு பின்னால். சக்கரம் என்னவோ 14 அங்குலம்தான். அதே அளவில் சாதாரண கார் டயரும் மாட்டலாம், கச்சிதமாக உட்காரும். தாங்குமா என்பது வேறு விஷயம். டயரின் பக்கவாட்டில் ஒரு சுமை எண் இருக்கும். 90 என்றால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும், 97 என்றால் 730 கிலோ. இந்த வேனுக்குத் தேவை இரண்டாவது ரகம். கனமான 14 அங்குல டயரைச் செய்பவர்கள் குறையக் குறைய, வசதி உள்ளவர்கள் 15, 16 அங்குலச் சக்கரங்களுக்கு மாறினார்கள். கழற்றிய பழைய செட் நன்றாகத்தானே இருக்கிறது, தூக்கிப் போட மனசு வராது. இன்னொருத்தருக்கு அது தேவை. சந்தை பிறந்துவிட்டது.

'நன்றாக இருக்கிறது' என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் டயர் தேய்மானம் பார்க்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுவார்கள். லிங்கனின் உச்சந்தலை முழுசாகத் தெரிந்தால் 1.6 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை, மாற்ற வேண்டும். லாரிக்கும் டாக்ஸிக்கும் இது போதும். அந்த டயர்கள் ஓடி ஓடி மொட்டையாகும். ஆனால் வருஷத்துக்கு நாலு பயணம் போய்விட்டு மீதி நாள் கொட்டகையில் நிற்கும் வேனின் டயர் மொட்டையாவதே இல்லை. அது வயதாகிச் சாகிறது. வெளியே பார்த்தால் இளமை, உள்ளே ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிக்கொண்டே போகும். எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் பிடிப்பு விட ஆரம்பிக்கும். ஓசோன் வெடிப்பிலிருந்து காக்க ரப்பருக்குள் மெழுகும் வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். ஆக, நிறுத்தியே வைத்த டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

வேனகனில் ஸ்டெப்னி முன்மூக்குக்கு அடியில் ஒரு தட்டில் மல்லாந்து கிடக்கும். பலர் அதை இறக்கியதே இல்லை. 1985 வண்டியில் 1985 டயரே இன்னும் இருக்கும். பள்ளம் முழுசு, அச்சில் வார்த்தபோது முளைத்த ரப்பர் மயிர்கூட உதிர்ந்திருக்காது. 'தரையே தொடாத டயர்' என்று அதை விற்க முடியும். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதை நம்பி நெடுஞ்சாலையில் போகிறவரின் உயிர்தான் பணயம்.

வயதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 1971 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு டயருக்கும் அடையாள எண் கட்டாயம். அதன் கடைசி இலக்கங்கள் தயாரான வாரமும் வருடமும். மென்பொருள்காரனுக்கு ரத்தக்கொதிப்பு வரும் இடம் இது. 2000 வரை வருடத்துக்கு ஒரே ஒரு இலக்கம்தான்! '408' என்றால் 40ஆவது வாரம், சரி. 1978ஆ, 88ஆ, 98ஆ? நாங்கள் ஒய்2கேயில் இரண்டு இலக்கத்துக்கே உலகம் அழியும் என்று கத்தினோம். டயர்காரர்கள் பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரும் தாக்குப்பிடிக்காது என்று நினைத்து வடிவமைத்திருக்க வேண்டும். 2000 முதல் நாலு இலக்கம். '3514' என்றால் 2014இன் 35ஆவது வாரம், குழப்பமில்லை. ஆனால் முழு எண் ஒரு பக்கத்தில் இருந்தாலே போதும் என்பது விதி. அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். நண்பரிடம் டயர் வாங்கும்போது யார் படுப்பார்கள்?

படுக்காததன் விலை தெரிந்ததுதான். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹைன்ட்ஹெட் அருகே, இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். டயரின் வயது 19. அவ்வளவு பழைய டயரைப் போடக் கூடாது என்று அப்போது சட்டம் இல்லை. மகனை இழந்த ஒரு தாய் வருடக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயருக்குத் தடை வந்தது. மினி பஸ்களின் ஒற்றைச் சக்கரங்களுக்கும் அதே தடை. வீட்டு வேனுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே சட்டத்தின் வேலையை விற்பவரின் வாய்தான் செய்தாக வேண்டும்.

ரப்பரின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் கியூ தோட்டம் வழியாக ஆசியாவுக்கு வந்தன. மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் பரவியபோது, அதன் நெளியும் பக்கச்சுவருக்குச் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பர் தோதாக இருந்தது. பால்மரத்துக்கு மறுபடி மவுசு வந்தது. மரத்தின் பால் காற்று பட்டால் கெட்டுப்போகும் பொருள் என்பது அந்தத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கந்தகம் சேர்த்து வேகவைத்தால் அந்தக் கெடுதல் தள்ளிப்போகும், நிற்காது.

அந்த முகாம்களில் எனக்குப் பிடித்தது ஒரு அட்டை. நாலு டயர்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்: 'உருட்ட மட்டும்'. எஞ்சின் இல்லாத வண்டிக்கூட்டைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போக உதவும், சாலைக்கு ஆகாது என்று அர்த்தம். பழைய வண்டிக்காரர்களிடம் இது ஒரு தனி ரகமாகவே புழங்குகிறது. நேர்மையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஒரு சிறிய கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் நம்புவார்கள், அடுத்த வருடமும் அதே மைதானத்தில் முகம் பார்க்க வேண்டும். அந்த நம்பிக்கையே கேள்வி கேட்கக் கூச்சப்பட வைக்கும். அதனால் வாங்குபவர் கேட்கும்வரை காத்திருக்காமல், விலையைச் சொல்வதற்கு முன்னால் அந்த நாலு இலக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஆயுள் முடிந்த டயரைக் குப்பைக்கு அனுப்பும் முன் பக்கச்சுவரில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டுவிடுகிறார்கள். யாராவது எடுத்துத் துடைத்து, கறுப்புப் பூசி மறுபடி விற்கக் கூடாதாம். முகம் தெரியாத ஒரு வண்டிக்காகச் செய்யும் வேலை அது. செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.